உப்புக் கரிக்கும் நெற்றி: ஒரு வருத்தம் அடையாளம் காணப்பட்ட கதை

ஹொஸ்டலில் ஒரு மழை இரவு. நாங்கள் நாலு பேர், ஒரு லப்டொப். ஓடிக்கொண்டிருந்தது 2019இல் வந்த ‘ஃபைவ் ஃபீட் அபார்ட்’ படம். ஆஸ்பத்திரியில் ஒரே வருத்தத்தோடு இருக்கிற ஒரு பெடியனும் ஒரு பெட்டையும் காதலிக்கினம். ஆனால் ஆறடி தள்ளித்தான் நிற்கவேண்டும், கிட்ட வந்தால் ஒருவரின் சுவாசப்பையில் இருக்கிற கிருமி மற்றவரைக் கொல்லக்கூடும். அவள் அந்த ஆறடியில் ஓரடியைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறாள். ஐந்தடி. பக்கத்தில் இருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள், “உண்மையா இப்பிடி ஒரு வருத்தம் இருக்கோ?”

மருத்துவபீடத்தில் படிக்கிற நண்பனுக்கு அடித்துக் கேட்டோம். “சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அது வெள்ளைக்காரற்ற வருத்தமடி, எங்கட பக்கம் இல்லை. எங்களுக்கு அரைப் பக்கம்தான் படிப்பிச்சவை” என்றான்.

அந்தப் பதில் எனக்குள் முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது. நான் கலைப்பீடம், வரலாறு படிக்கிறேன். “அது இங்கே இல்லை” என்று யாராவது சொன்னால், “இல்லை என்று எண்ணிப் பார்த்தீர்களா, அல்லது எண்ணவே இல்லையா?” என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதனால் தேடித் தேடி வாசித்தேன். இந்த வருத்தத்தின் வரலாறு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

வேறு பெயரில் செத்த குழந்தைகள்

ஐரோப்பாவில் பழைய நாட்டார் நம்பிக்கை ஒன்று இருந்தது. குழந்தையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால், அந்தக் குழந்தைக்குச் சூனியம் பட்டிருக்கிறது, கனநாள் இருக்காது என்பார்கள். அந்தத் தாய்மார் கவனித்தது சரியான விஷயம். ஆனால் நூற்றாண்டுக் கணக்காக எந்த வைத்தியரும் அந்த உப்பை ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

1930களின் நியூயோர்க்குக்கு வருவோம். அங்கே ‘பேபீஸ் ஹொஸ்பிட்டல்’ என்ற குழந்தைகள் வைத்தியசாலையில் நோயியலாளராக வேலை செய்தவர் டொரத்தி அண்டர்சன். 1901இல் பிறந்தவர். இருபது வயதாவதற்குள் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். சத்திரசிகிச்சை நிபுணராக வர ஆசைப்பட்டார். பெண் என்பதால் அந்தப் பயிற்சிக்கு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இறந்த உடல்களைப் பரிசோதிக்கும் அறைக்குப் போனார்.

1935இல் ஒரு குழந்தையின் உடல் அவரது மேசைக்கு வந்தது. இறப்புக்குக் காரணம் ‘சீலியாக் நோய்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் சாப்பாடு செமிக்காமல், எண்ணெய்ப்பசையோடு மலம் போய், எலும்பும் தோலுமாகிற குழந்தைகள் எல்லோருக்கும் அந்தப் பெயரைத்தான் ஒட்டிவிடுவார்கள். அண்டர்சன் திறந்து பார்த்தபோது சதையி கெட்டுப்போயிருந்தது. அதன் குழாய்கள் அடைபட்டு, சின்னச் சின்னப் பைகளாக வீங்கி, சுற்றிவர நாரிழையம் படிந்திருந்தது. சீலியாக் நோயில் இப்படி வராது.

ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் நிற்கவில்லை. பழைய பிரேத பரிசோதனை அறிக்கைகளைக் கிண்டினார். வேறு வைத்தியசாலைகளின் பதிவுகளையும் தேடினார். 1938இல் 49 குழந்தைகளின் விபரங்களைச் சேர்த்துக் கட்டுரையாக வெளியிட்டார். சதையியில் தான் கண்டதை வைத்து ‘சதையியின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்று பெயர் வைத்தார். சுவிற்சர்லாந்தில் கைடோ ஃபன்கோனி என்ற வைத்தியர் 1936இலேயே இதைப் போன்ற நோயாளர்களை விபரித்திருந்தார். ஆனாலும் இது தனியான ஒரு நோய் என்று மருத்துவ உலகை நம்ப வைத்தது அண்டர்சனின் அந்த 49தான்.

அந்தக் குழந்தைகள் 1938க்கு முதலும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நிமோனியா, சீலியாக், போசாக்கின்மை என்று வேறு வேறு பெயர்களில் செத்தார்கள். அதனால் யாருடைய கணக்கிலும் அவர்கள் ஒரு கூட்டமாகத் தெரியவில்லை.

சுவாசப்பைக்குள் என்ன நடக்கிறது?

அண்டர்சன் வைத்த பெயர் சதையியைக் காட்டினாலும், பெரும்பாலான நோயாளர்களின் உயிரை எடுப்பது சுவாசப்பை. இதை விளங்கிக்கொள்ளாமல் மிச்சக் கதை விளங்காது. எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன்.

எங்கள் சுவாசக்குழாய்களின் உட்சுவரில் மயிரை விடச் சின்னப் பிசிர்கள் கோடிக்கணக்கில் அசைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம், அதற்கு மேல் சளி. மூச்சோடு உள்ளே போகிற தூசும் கிருமியும் சளியில் ஒட்டும். பிசிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். வாசல் கூட்டுகிற வேலை மாதிரி, இரவு பகலாக நடக்கிறது.

இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு அந்த நீர்ப்படலம் வற்றிப்போகிறது. சளி பசை மாதிரி இறுகி, பிசிர்கள் அதற்குள் சிக்கி அசைய முடியாமல் நிற்கின்றன. கிருமிகள் உள்ளேயே குடியேறுகின்றன. சின்ன வயதில் ஸ்டஃபிலோகொக்கஸ், பிறகு சூடோமொனாஸ் என்ற பிடிவாதமான பற்றீரியா. அவற்றை எதிர்க்க வெண்குருதிக் கலங்கள் படையாக வந்து அங்கேயே சாகின்றன. செத்த கலங்களில் இருந்து வெளியேறுகிற டிஎன்ஏ சளியை இன்னும் தடிப்பாக்குகிறது. அடைப்பு, தொற்று, அழற்சி, திரும்பவும் அடைப்பு. இந்தச் சுற்றில் சுவாசக்குழாய்களின் சுவர் சிதைந்து விரிந்துபோகிறது. பிறக்கும்போது அநேகமாகச் சாதாரணமாக இருந்த சுவாசப்பை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகிறது.

1948இன் வெயில்

1948 கோடையில் நியூயோர்க்கில் கடும் வெப்ப அலை அடித்தது. வெக்கை தாங்காமல் மயங்கின குழந்தைகளை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் பலர் ஏற்கெனவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று அறியப்பட்ட குழந்தைகள். அண்டர்சனும் வோல்டர் கெஸ்லரும் 1951இல் இதைப் பதிவுசெய்தார்கள்.

அவர்களோடு வேலை செய்த போல் டி சான்ட்அக்னேஸ், இத்தாலியில் இருந்து வந்தவர். ஏன் இந்தக் குழந்தைகள் மட்டும் இப்படி விழுகிறார்கள் என்று யோசித்து, அவர்களின் வியர்வையைப் பரிசோதித்தார். வியர்வையில் உப்பு மற்றக் குழந்தைகளை விடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. வெக்கையில் வியர்க்க வியர்க்க, உடம்பில் இருக்கிற உப்பெல்லாம் வெளியேறிக் குழந்தை சரிந்துவிடுகிறது. 1953இல் இதை வெளியிட்டார். நெற்றி முத்தத்தில் தாய்மார் கண்டுபிடித்ததை ஆய்வுகூடம் அப்போதுதான் கண்டுபிடித்தது.

1959இல் கிப்சனும் குக்கும் வியர்வையைப் பாதுகாப்பாகச் சேகரிக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். வியர்வையைத் தூண்டும் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி, கையில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் வியர்க்க வைப்பது. உடலைத் திறக்கத் தேவையில்லை. உயிரோடு இருக்கிற குழந்தையிலேயே நோயைக் கண்டுபிடிக்கலாம். இன்றைக்கும் உலகம் முழுக்க நோயை உறுதிப்படுத்துகிற முக்கியமான பரிசோதனை இதுதான்.

எண்ணிப் பார்த்த மனிதர்

1950களில் அமெரிக்காவில் இந்த வருத்தத்தோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போகிற வயதைக் காணவில்லை. 1955இல் பெற்றோர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். பிறகு அதற்காக வேலை செய்த ஒரு தாயின் கதை எல்லோருக்கும் தெரியும். அவர் நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் கதைத்ததை நாலு வயது மகன் கேட்டுக்கொண்டிருந்தான். “நீங்க என்னத்துக்காக வேலை செய்யிறீங்க எண்டு எனக்குத் தெரியும், சிக்ஸ்டி ஃபைவ் ரோசஸ்” என்றானாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அவனுடைய காதில் அறுபத்தைந்து ரோஜாப் பூக்களாக விழுந்திருக்கிறது. இன்றைக்கும் அந்த இயக்கத்தின் அடையாளம் ரோஜா.

1957இல் கிளீவ்லண்டில் லீரோய் மத்யூஸ் என்ற வைத்தியர் ஒரு கடுமையான சிகிச்சைத் திட்டம் தொடங்கினார். சுவாசப்பை கெட்ட பிறகு வைத்தியம் செய்வதை விட்டு, கெட முதலே நாளாந்தம் செய்வது. பெற்றோர் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகிலும் நெஞ்சிலும் கையைக் குவித்துத் தட்டிச் சளியை இளக்க வேண்டும். இரவில் பிள்ளை ஈரப்புகை நிரம்பின பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் படுக்கவேண்டும். தன்னுடைய நோயாளர்களில் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே இறக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது மற்ற வைத்தியர்கள் நம்பவில்லை.

அது உண்மையா என்று பார்க்க அறக்கட்டளை 1964இல் மினசோட்டாவில் இருந்த வொரன் வோர்விக் என்ற வைத்தியருக்குப் பத்தாயிரம் டொலர் கொடுத்தது. அவர் 31 சிகிச்சை நிலையங்களின் நோயாளர் விபரங்களைச் சேகரித்தார். மத்யூஸ் சொன்னது உண்மை. அவரிடம் இறந்தவர்களின் இடைநிலை வயது 21. மற்ற இடங்களில் 3. ஒரே நாடு, ஒரே வருத்தம், ஒரே மருந்துகள்.

இது தெரிய வந்த பிறகு மற்ற நிலையங்களும் மத்யூஸின் வழிக்கு மாறின. 1966இல் சராசரி ஆயுள் பத்து வருடமாகவும் 1972இல் பதினெட்டாகவும் உயர்ந்தது. இதற்குள் புதிய அதிசய மருந்து எதுவும் வரவில்லை. எல்லோருடைய பெறுபேறும் ஒரே கொப்பியில் எழுதப்பட்டு, ஒன்றோடு ஒன்று ஒப்பிடப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது. மத்யூஸ் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்றும் இல்லை. அந்த ஈரப்புகைக் கூடாரங்களால் பயனில்லை என்று பின்னர் தெரிந்து, 1970களில் கைவிட்டார்கள். அவற்றின் தவற்றையும் ஒப்பீடுதான் காட்டியது.

வோர்விக் பிறகு தன் இளம் நோயாளர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுவார். சிகிச்சையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஒரு நாளில் கடுமையாக வருத்தம் வர 0.5 சதவீத வாய்ப்பு. ஒழுங்காகச் செய்தால் 0.05. பார்க்கும்போது இரண்டும் ஒன்றுமில்லை மாதிரித்தான் இருக்கும். ஆனால் 365 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். முதலாமவருக்கு ஒரு வருடத்தைச் சுகமாகக் கடக்க 16 சதவீத வாய்ப்புத்தான். இரண்டாமவருக்கு 83. “இண்டைக்கு ஒருநாள் விட்டா என்ன” என்று நினைக்கிற வயதில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே உறைக்கும்.

தன் வியர்வையையே ஆராய்ந்தவர்

உப்பு ஏன் கூடுகிறது என்பதற்கு 1983 வரை பதில் இல்லை. பதிலைக் கண்டுபிடித்த போல் குவின்ரன், தானே இந்த வருத்தத்தோடு வாழ்கிறவர். அவர் வியர்வைச் சுரப்பியின் மெல்லிய குழாயை ஆராய்ந்தார். சாதாரணமாக வியர்வை தோலுக்கு வருகிற வழியில் உப்பை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த நோயாளர்களில் குளோரைட்டு அந்தக் குழாயின் சுவரைக் கடக்க முடியாமல் நிற்கிறது. அதனால் உப்பு வெளியே வருகிறது. சுவாசப்பையிலும் இதே குளோரைட்டுக் கதவுதான் பிரச்சினை. அங்கே குளோரைட்டு வெளியே வராததால் நீரும் வராமல் சளி காய்கிறது. நெற்றியில் உப்பும் நெஞ்சில் சளியும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

1989இல் அந்தக் கதவுக்கான பரம்பரையலகைக் கண்டுபிடித்தார்கள். ரொறன்ரோவில் இருக்கிற சிக்கிட்ஸ் குழந்தைகள் வைத்தியசாலையில் லப்-சீ சூயியும் ஜோன் ரியோர்டனும், மிச்சிகனில் பிரான்சிஸ் கொலின்ஸும் சேர்ந்து செய்த வேலை. ஏழாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது உருவாக்கும் புரதத்தில் 1480 அமினோ அமிலங்கள். மிகப் பொதுவான விகாரத்தில் 508ஆவது இடத்தில் இருக்கிற ஒரே ஒரு அமினோ அமிலம் இல்லை. அந்த ஒன்று இல்லாததால் புரதம் சரியாக மடியாமல், கலம் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. தாய் தகப்பன் இருவரிடம் இருந்தும் பழுதான பிரதி கிடைத்தால்தான் வருத்தம் வரும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள் சுகமாகவே இருப்பார்கள், தங்களிடம் அது இருக்கிறது என்றே தெரியாமல்.

பரம்பரையலகு தெரிந்துவிட்டது, இனி நல்ல பிரதியை உள்ளே செலுத்தினால் முடிந்தது என்று நினைத்தார்கள். 1993இல் முயற்சியும் தொடங்கியது. பலிக்கவில்லை. அந்நியப் பொருட்களைத் தடுப்பதுதானே சுவாசப்பையின் வேலை, மருந்தையும் தடுத்தது. அந்தக் காத்திருப்புக் காலத்தில் சின்னச் சின்ன வெற்றிகள்தான் உயிர்களைப் பிடித்து வைத்தன. சளியில் இருக்கிற டிஎன்ஏயை வெட்டுகிற மருந்து 1993இல் வந்தது. மூச்சோடு இழுக்கிற ரொப்ராமைசின் 1997இல் வந்தது. அவுஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிற நோயாளர்களுக்குச் சளி இலகுவாக வருகிறதை வைத்தியர்கள் கவனித்து, 7 சதவீத உப்புத்தண்ணீரை ஆவியாக்கி இழுக்க வைத்து, பயன் உண்டு என்று 2006இல் காட்டினார்கள். திரும்பவும் உப்பு.

இதே காலத்தில் ஒரு கொடுமையும் நடந்தது. நோயாளப் பிள்ளைகளுக்கென்று கோடைகால முகாம்கள் நடக்கும். வாழ்க்கையில் தங்களைப் போல இருமுகிற இன்னொரு பிள்ளையை அவர்கள் சந்திக்கிற ஒரே இடம் அதுதான். பேர்க்கோல்டேரியா என்ற கிருமி அந்த முகாம்களில் ஒருவரிடம் இருந்து மற்றவருக்குப் பரவி உயிர்களை எடுத்தது தெரிய வந்தது. முகாம்களை மூடினார்கள். ஆறடி விதி வந்தது. படத்தில் நாங்கள் பார்த்து அழுதது இந்த விதியைத்தான். கொரோனாக் காலத்தில் ஒரு மீற்றர் இடைவெளிக்கே அலுத்துப்போன நாங்கள், பிறந்த நாளில் இருந்து தன்னைப் போன்ற ஒருவரையும் தொடாமல் வாழ்வதை யோசித்துப் பார்க்கலாம்.

மருந்து வந்தது, விலையோடு

2012இல் ஐவாகாஃப்ரர் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதல் தடவையாக, அறிகுறிகளை விட்டு அந்தப் பழுதான கதவையே திறக்கிற மருந்து. ஆனால் நோயாளர்களில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் இருக்கிற விகாரத்துக்குத்தான் அது வேலை செய்தது. 2019 ஒக்ரோபரில் மூன்று மருந்து சேர்ந்த ட்ரைகாஃப்ரா வந்தது. இது அமெரிக்க நோயாளர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினருக்குப் பொருந்தக்கூடியது. முதல் மாத்திரை போட்டுச் சில மணித்தியாலத்திலேயே வருடக்கணக்கான சளி இளகி வெளியே வந்ததாகப் பலர் சொல்கிறார்கள். சுவாசப்பை மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வேலை தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இன்றைக்குப் பிறக்கிற நோயாளக் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 60ஐத் தாண்டிவிட்டது.

அறிமுகமானபோது அதன் விலை ஒரு வருடத்துக்கு 311,000 டொலர். இதுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. இந்த மருந்துகளின் ஆரம்ப ஆராய்ச்சிக்குக் காசு போட்டது பெற்றோர் தொடங்கின அதே அறக்கட்டளை, ரோஜாப்பூக் காசு. மருந்துகளில் தனக்கு வரவேண்டிய உரிமப் பங்கை 2014இல் அது 3.3 பில்லியன் டொலருக்கு விற்றது. அந்தக் காசு மேலும் ஆராய்ச்சிக்குப் போகிறது என்பது உண்மை. ஆனால் விலையைத் தீர்மானிக்கிற அதிகாரம் வேர்ட்டெக்ஸ் கம்பனியிடம் போய்விட்டது என்பதும் உண்மை. பணக்கார நாடான இங்கிலாந்திலேயே முந்தின மருந்து ஒன்றுக்காகப் பெற்றோர் வருடக்கணக்காகப் போராடி, 2019இல்தான் உடன்பாடு வந்தது. 2023இல் இந்தியா, தென்னாபிரிக்கா, பிரேசில், உக்ரைன் நாடுகளில் நோயாளர்களும் குடும்பங்களும் காப்புரிமையை மீறி மலிவான மருந்து தயாரிக்க அனுமதி கேட்டார்கள்.

“எங்கட பக்கம் இல்லை”

இனி என் நண்பன் சொன்னதுக்கு வருவோம். இந்த வருத்தம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் என்பது சரி. ஆனால் ‘இல்லை’ என்பது பிழை. இந்தியாவில் 1968இலேயே நோயாளர்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் வாழும் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். தெற்காசியர்களில் அந்த 508 விகாரத்தின் பங்கு ஐரோப்பாவை விடக் குறைவு, வேறு வேறு விகாரங்கள் அதிகம். அதனால் ஐரோப்பியர்களுக்கென்று தயாரித்த பரம்பரையலகுப் பரிசோதனையில் எங்கள் பிள்ளைகள் தவறிவிடலாம். மருந்து வந்தாலும் அது எங்கள் விகாரத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் இருக்கிறது.

வியர்வைப் பரிசோதனை வசதி இல்லாத ஊரில், திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி பிடித்து, நிறை கூடாமல் இருக்கிற ஒரு பிள்ளைக்கு என்ன பெயர் கிடைக்கும்? நிமோனியா. காசநோய். போசாக்கின்மை. வீட்டில் என்றால் நாவூறு. 1935இல் அண்டர்சனின் மேசைக்கு வந்த பிள்ளைக்குக் கிடைத்த அதே மாதிரி ஒரு பிழையான பெயர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இதை வாசித்துவிட்டு வீட்டில் இருமுகிற தம்பியின் நெற்றியை நக்கிப் பார்க்கத் தேவையில்லை. எல்லோருடைய வியர்வையும் உப்புத்தான், பெரும்பாலான இருமல் சாதாரண இருமல்தான். இது அரிதான வருத்தம். ஆனால் அரிது என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் இருக்கிற இடைவெளியில் சில குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைபை அந்த நண்பனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாளாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு குரல்பதிவு வந்தது: “வாட்டில ஒரு பிள்ளை, இந்த வருசம் நாலாந்தரம் நிமோனியா எண்டு வந்திருக்கு. வேர்வை ரெஸ்ற் செய்யேலுமோ எண்டு நாளைக்கு சேரிட்டக் கேக்கப்போறன். பேசுவாரோ தெரியாது.”

பேசினாலும் பரவாயில்லை, கேள் என்று பதில் போட்டேன்.